பணிமனைக்குக் குறித்த பச்சை

நகரத் திட்ட அலுவலகத்தில் அவள் வேலை, செயற்கைக்கோள் படங்களைப் பார்த்து நிறம் தீட்டுவது. கட்டடம் சிவப்பு, தண்ணீர் நீலம், புல்வெளி பச்சை. ஆறு வருடங்களில் எந்த நிலம் எதுவாக மாறியது என்ற வரைபடம் திங்கட்கிழமை மேலிடத்துக்குப் போக வேண்டும்.

கணவன் பஸ் டிரைவர். இரண்டு பஸ் மாறிப் போய்த்தான் தன் பஸ்ஸை எடுப்பான். மூடிய ஆலையின் மதிலுக்குப் பின்னால், வரைபடத்தில் பச்சையாக இருக்கும் காலி நிலத்தில், வீட்டிலிருந்து நாலே தெருவில் புது பஸ் பணிமனை வரலாம் என்று அவள் சொன்னதிலிருந்து விசிலடித்துக்கொண்டு திரிந்தான்.

ஞாயிற்றுக்கிழமை அவளையும் இழுத்துக்கொண்டு மதில் இடுக்கில் நுழைந்தான். எதிரே ஒரே பச்சை.

"நம்ம வண்டி இங்கதான் நிக்கும்," என்று நாலு எட்டு வைத்தான். முழங்காலுக்கு மேல் இறங்கிவிட்டான்.

அவள் சிரித்தாள். பிறகு நிறுத்தினாள்.

"பாசிங்க. அடியில குளம். நான் ஆறு வருஷமா புல்லுனு போட்டிருக்கேன்."

"ருசி பாக்காம குழம்புல உப்புப் போடுற மாதிரியே."

"மேகம் இல்லாத மாசம்னு வருஷா வருஷம் இதே மாசத்துப் படத்தையே எடுத்தேன். இந்த மாசம்தான் பாசி மூடும் போல."

அவன் தண்ணீரிலேயே நின்றான்.

"மாத்தினா பணிமனை?"

"இங்க வராது."

"நம்ம தெருவுல மழைத்தண்ணி தேங்கினதே இல்ல. இங்கதான் வருதா?"

"ஆமா."

"அப்ப மாத்து."

"ரெண்டு பஸ்ஸுங்க."

"பதினோரு வருஷப் பழக்கம். ஜன்னல் பக்கம் உக்காந்து, அடுத்தவன் ஓட்டுறதைக் குறை சொல்ற சுகம் உனக்கென்ன தெரியும்?"

கரையேற வந்தவனை அவள் கைகாட்டி நிறுத்தினாள்.

"ஏறாதீங்க. ஆழம் தெரியிற மாதிரி போட்டோ வேணும். உயரம் தெரிஞ்ச பொருள் ஒண்ணு உள்ள நிக்கணும்."

"நான் பொருளா?"

"அஞ்சடி ஏழங்குலம். இன்னும் ரெண்டு எட்டு உள்ள போங்க."

போனான். தண்ணீர் இடுப்பைத் தொட்டது.

"சிரிக்காதீங்க. ஆபீஸ் ஃபைலுக்குப் போற போட்டோ."

சிரித்தான். அவள் அதையே எடுத்தாள்.

திங்கட்கிழமை காலை, ஈரம் காயாத ஷூவோடு அவன் முதல் பஸ் ஏறினான். அவள் ஆறு வருடப் படங்களிலும் அந்த இடத்தை நீலமாக்கினாள். ஆழம் மூன்றடி என்று எழுதி, கீழே போட்டோவை ஒட்டினாள்.

"யார் இது?" என்றார் மேலதிகாரி.

"அளவுகோல் சார்," என்றாள்.