வெர்லீனின் இருபத்தெட்டு மணி நேரம்

நார்பர்ட்டின் மூன்று உணவகங்களுக்கும் வேலை அட்டவணை போட்டவள் நான்தான். யாருக்கு எந்த நாள், எத்தனை மணி நேரம் என்று எழுதி, ஞாயிறு மாலை சமையலறைச் சுவரில் ஒட்டுவேன். அதனால் நடந்ததற்கு வேறு யாரையும் கைகாட்டி நான் தப்பிக்க முடியாது.

ஐம்பது பேருக்கு மேல் வைத்திருக்கும் முதலாளி, வாரம் முப்பது மணி நேரம் உழைப்பவர்களுக்கெல்லாம் மருத்துவக் காப்பீடு தரவேண்டும் என்ற சட்டம் அந்த ஜனவரியில் எங்களையும் எட்டியது. நார்பர்ட் கெட்டவர் இல்லை. எங்கள் ஒஹாயோ ஊரில் பாதிப் பேருக்கு முதல் வேலை கொடுத்தவர் அவர். டிசம்பரில் என்னைக் கூப்பிட்டார்.

"எல்லாருக்கும் காப்பீடுன்னா ஒரு கடையை இழுத்து மூடணும், டார்லா. முழு நேரத்துக்குப் பதினாலு பேர் போதும். மத்தவங்க யாரும் இருபத்தெட்டு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது."

அந்தப் பதினான்கு பேரில் நானும் ஒருத்தி. வெர்லீன் ஸ்ட்ராட் இல்லை.

வெர்லீனுக்கு ஐம்பத்தெட்டு வயது. பதினோரு வருடமாக எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்றவர். வாரம் முப்பத்தாறு மணி நேரம் வேலை. சட்டம் வந்ததும் வீங்கிய முட்டியை டாக்டரிடம் காட்டலாம் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தார். புது அட்டவணையின் முன் வெகுநேரம் நின்றார்.

"கண்ணு, என்னோட எட்டு மணி நேரம் எங்க போச்சு?"

"நிறைய பேருக்கு அப்படித்தான், வெர்லீன்."

"எனக்காக வந்த சட்டம்னு டிவில சொன்னாங்களே. நல்லா வந்துச்சு போ, என்னை வீட்டுக்கு அனுப்ப!"

சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். நெடுஞ்சாலை விடுதி ஒன்றில் காலை நேரத்தில் படுக்கை விரிப்பு வெளுக்கும் வேலையையும் பிடித்துக்கொண்டார்.

தவக்காலம் வந்தது. இறைச்சி தொடாத வெள்ளிக்கிழமை என்றால் ஊரே எங்கள் வறுத்த மீனுக்கு வரும். இன்னொரு சமையல்காரர் காய்ச்சலில் படுத்துவிட, அந்த வாரம் வெர்லீன் கூடுதலாக வந்திருந்தார். வெள்ளி மாலை ஆறே முக்காலுக்கே அவருடைய இருபத்தெட்டும் முடிந்தது. வரிசையோ வாகனம் நிறுத்துமிடம் வரை நீண்டிருந்தது.

"நேரம் முடிஞ்சுது, கடிகார மெஷின்ல அட்டையைத் தட்டிட்டுக் கிளம்புங்க, வெர்லீன்."

போய்த் தட்டினார். வரிசையைப் பார்த்தார். மறுபடியும் ஏப்ரனைக் கட்டிக்கொண்டார்.

"இத்தனை ஜனத்தை நிக்கவெச்சிட்டு எப்படிப் போறது? நீ என்னைப் பாக்கல, நான் இங்க இல்ல. போ."

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இருபது நிமிடத்தில் மீன் வறுக்கும் கம்பிக் கூடை வழுக்கியது. விரல்களிலிருந்து முழங்கை வரை கொதிக்கும் எண்ணெய்.

வேலையில் அடிபட்டால் சிகிச்சைக்கு வேறொரு காப்பீடு உண்டு. ஆனால் அப்போது வேலையில் இருந்தார் என்று நாங்கள் சொல்லவேண்டும். திங்களன்று நார்பர்ட் படிவத்தோடு உட்கார்ந்தார்.

"ஆறே முக்காலுக்கு வெளியே போனதா அட்டை சொல்லுது. அதுக்கப்புறம் நீ வேலை செய்யச் சொன்னியா?"

"இல்லை," என்றேன். அது உண்மைதான். அதனால்தான் அவ்வளவு எளிதாக வாயிலிருந்து வந்தது.

காப்பீட்டுக்காரர்கள் கோரிக்கையை நிராகரித்தார்கள். நான் வெர்லீனின் வீட்டுக்குப் போனேன். கையில் முழங்கைக்கு மேல்வரை கட்டு.

"நீ பாத்தே இல்ல?" என்றார்.

"பாத்தேன்."

"அதை மட்டும் எழுதிக் குடு, கண்ணு. வேற ஒண்ணும் வேண்டாம்."

எழுதித் தருவதாகச் சொன்னேன். மேல்முறையீட்டுக்கு இரண்டு வாரக் கெடு. ஒவ்வொரு இரவும் என் மகளின் ஆஸ்துமா மருந்துப் பெட்டி கண்ணில் பட்டது. அது என் வேலையின் காப்பீட்டில் வருவது; எழுதினால் அந்த வேலை நிலைக்குமா தெரியாது. எழுதி அனுப்பினேன், கெடு முடிந்த மூன்றாம் நாள். நாளைத் தப்பாக எண்ணிவிட்டேன் என்று நார்பர்ட்டிடமும் என் கணவனிடமும் சொன்னேன். எண்ணியதில் தப்பே இல்லை.

ஈஸ்டருக்கு முன் வெர்லீன் கென்டக்கியிலுள்ள தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். இரண்டு விரல்கள் மடங்குவதில்லை என்று கேள்விப்பட்டு, தொலைபேசியில் அழைத்தேன்.

"கடுதாசி போட்டியாமே?" என்றார்.

"போட்டேன்."

"என்னைக்கு?"

தேதியைச் சொன்னேன்.

"சரி, அடுப்புல சூப் இருக்கு," என்று சொல்லி வைத்துவிட்டார்.

மறுபடி அழைக்க எனக்குத் துணிவு வரவில்லை.