பத்தாங்கட்டையின் முதல் கடை

தெமோதரைப் பக்கமிருந்து வரும் பஸ், மேடேறி மூச்சு வாங்கி, ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற நிற்கும் வளைவுக்குப் பெயர் பத்தாங்கட்டை. மேலே தேயிலை, கீழே தேயிலை, நடுவில் ஏழெட்டுக் கடைகள். இப்பேர்ப்பட்ட மாநகரம் வரலாறு இல்லாமல் கிடக்கிறதே என்று 1998இல் பாடசாலை அதிபர் தர்மராசாவுக்குக் கவலை வந்துவிட்டது.

"ஆண்டு மலருக்கு நீர்தான் எழுத வேணும் பிள்ளை," என்றார் நிரஞ்சலா டீச்சரிடம். "முதல் புவியியல், பிறகு வரலாறு, கடைசியிலை சனத்தொகை. உண்மையை எழுதும். ஒருத்தரும் வாசிக்கமாட்டினம்."

அதிபர் யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். பத்தாங்கட்டையில் சொந்தத் தாத்தாவின் பெயர் வரும் எதையும் மக்கள் வாசிப்பார்கள் என்பது அவருக்குத் தெரியாது.

புவியியலில் வம்பில்லை, மலையை யாருடைய தாத்தாவும் கட்டவில்லை. சனத்தொகையும் அப்படியே. வரலாறுதான் நிரஞ்சலாவின் கல்யாணத்தில் கை வைத்தது. தோட்டத்து லயக் குடியிருப்பைவிட்டு வந்து இங்கே முதல் கடை போட்டது தன் தாத்தாதான் என்று தேநீர்க்கடை மாடசாமி சொல்லுவார். அவர் நிரஞ்சலாவின் அப்பா. இல்லை, தன் தாத்தா என்பார் பலசரக்குக்கடை சடையாண்டி. அவர் நிரஞ்சலா கட்டிக்கொள்ள நினைத்த ரமேஸின் அப்பா. இதற்காகவே இருவரும் பேச்சுவார்த்தையை நிறுத்திப் பல வருடமாகிறது.

"எங்க தாத்தன் பேரு மொதல்ல வந்தாத்தான் பொண்ணு கேட்டு வருவேங்கிறாரு," என்றான் ரமேஸ், பஸ்ஸுக்கு நின்றபடி.

"வந்துச்சுன்னா எங்கப்பா பொண்ணு குடுக்கமாட்டாரு."

"ரெண்டு பேரையும் ஒரே வரியில எழுதிடேன்."

"ஒரே வரியிலயும் ஒருத்தரு முன்னுக்கு வந்துதானே ஆகணும்? பி.ஏ. படிச்சது இதுக்குத்தானா?"

படித்த படிப்புக்கு மரியாதையாக அவள் விசாரிக்கவே செய்தாள். துணிக்கடை புஹாரி தன் தாத்தாவைச் சொல்லிச் சிரித்தார். "எங்கட மூத்தவாப்பாதான் மொதல்ல சாரன் மூட்டையோட வந்து குந்தின. அதச் சொல்லி நான் ஏன் யாவாரத்தக் கெடுத்துக்கொள்ள?"

அப்பாவைக் கேட்டாள். "தாத்தா வர்றப்பவே அவங்க இருந்தாங்கதான். துணிக்காரங்கள எதுக்குக் கணக்குல எடுக்கணும்?" என்றார். சடையாண்டியும் தன் கடைக்குள் இருந்தபடி அதையே சொன்னார். பிறந்ததிலிருந்து இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுவாகத்தான் இருக்கும்.

அவள் உண்மையை எழுதினாள். மலர் வெளிவந்த மறுநாள் சடையாண்டி அதைச் சுருட்டிப் பிடித்தபடி, வாழ்க்கையிலேயே முதல் தடவையாக மாடசாமி வீட்டுக்குள் வந்தார். இனிக் கல்யாணம் இல்லை என்று நிரஞ்சலா குசினிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஒம் மக என்ன எழுதியிருக்கான்னு பாத்தியா, மாடசாமி?"

"பாத்தேன். எங்க தாத்தாவையே ரெண்டாவதுன்னு எழுதியிருக்கா."

"எங்க தாத்தாவும் ரெண்டாவதாம். ஒரே நேரத்துல வந்தாங்களாம். கேட்டியா?"

"அதிபரு வீட்டுக்குப் போவோம். ஒக்காரு மொதல்ல."

இருவரும் ஒரே பாயில் அமர்ந்து புஹாரி குடும்பத்தையும் பல்கலைக்கழகங்களையும் ஏசத் தொடங்கினார்கள். நிரஞ்சலாவின் அம்மா கருப்பம்மா வெற்றிலைத் தட்டைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். மாடசாமி ஏசிக்கொண்டே தட்டை நகர்த்தினார். சடையாண்டி ஏசிக்கொண்டே இரண்டு வெற்றிலை எடுத்து, காம்பு கிள்ளி, வாயில் போட்டு மென்றார்.

நிரஞ்சலா கதவிலிருந்து கையை எடுத்தாள். பையனைப் பெற்றவர் பெண் வீட்டுக்கு வந்து தட்டில் வெற்றிலை எடுத்தால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். அதற்குப் பிறகு பின்வாங்கியவனுக்குச் சுற்றுவட்டாரத் தோட்டம் எதிலும் எவரும் பெண் கொடுக்கமாட்டார்கள். சடையாண்டிக்குக் கல்யாணமாகாத மகன்கள் இன்னும் மூன்று பேர்.

மெல்லுவது மெதுவாக நின்றது. துப்புவதா விழுங்குவதா என்று அந்த மனிதர் தட்டையே பார்த்தார்.

"சம்மந்தி," என்றாள் கருப்பம்மா, "சுண்ணாம்பு போதுமா?"