மயிரிழைச் சுருதி

ஸ்டுட்கார்ட்டில் ஆர்மோனியம் செய்த கெபார்ட்டுக்கு மரவேலை எல்லாம் நான்தான். மற்றவர்கள் ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டு கட்டை வைத்தால் அவன் எழுபதுக்கு மேல் வைத்தான். ஸ்கிஸ்மா என்று ஓர் இடைவெளி உண்டு. அரை ஸ்வரத்தை ஐம்பதாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு. சுருதி சாஸ்திரம் எழுதியவர்களே போகட்டும் என்று விட்ட தூரம். கெபார்ட் விடவில்லை. அதற்கு இந்தப் பக்கம் ஒரு பித்தளை ரீடு, அந்தப் பக்கம் ஒரு ரீடு. பதினோரு வருடம். வந்த வேலையையெல்லாம் திருப்பி அனுப்பினான். துருத்தி மிதித்தே அவன் மனைவி ரோசினேக்கு முட்டி வீங்கிவிட்டது.

“ரெண்டும் எனக்கு ஒண்ணாத்தான்டா கேக்குது,” என்பேன்.

“ரம்பத்தோட குடித்தனம் பண்றவன் நீ. உனக்கென்ன தெரியும்?”

ஆர்மோனியத்தைச் சோதிக்க இசைப் பள்ளியிலிருந்து மூன்று பேர் வருவதாக எழுதினார்கள். கட்டையைப் பார்க்காமல் அந்த இரண்டு ரீடுக்கும் வித்தியாசம் சொல்லிக் காட்ட வேண்டும் என்று நிபந்தனை. கெபார்ட் சிரித்தான். “இப்பவே பாத்துருவோம்.”

சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டான். ரோசினே இரண்டு ரீடுகளையும் ஒன்றன்பின் ஒன்றாக வாசித்தாள். சில தடவை ஒரே ரீடை இரண்டு முறை. நான் குறித்தேன். “வேற... ஒண்ணு... வேற...” அவன் யோசிக்கவே இல்லை. இருபது தடவையில் ஒன்பது சரி.

ரோசினே தாளை எட்டிப் பார்த்தாள். “பதினெட்டு,” என்று கூசாமல் பொய் சொன்னாள்.

அவன் எழுந்து வந்து தாளை வாங்கி எண்ணினான். மறுபடி உட்கார்ந்தான். பதினொன்று. இன்னொரு தடவை. எட்டு. காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் இதேதான் வந்திருக்கும்.

“சேர்த்து அமுக்கினா சத்தம் ஏறி எறங்கி அலை அடிக்குதே? அதை எண்ணித்தானே ரீடைத் தேச்சேன்?”

“பாட்டுல யாருடா ரெண்டையும் சேர்த்து அமுக்குவான்?” என்றேன். வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம்.

அவன் மனைவியைப் பார்த்தான். “உனக்குக் கேட்டுச்சா, ரோசினே?”

“இல்ல.”

“என்னிக்காவது?”

“ஒரு நாளும் இல்ல. கேக்குதுன்னு நீ சொன்ன. நான் மிதிச்சேன்.”

யாரும் வர வேண்டாம் என்று பள்ளிக்கு எழுதிவிட்டான். அதன்பிறகு சாதாரண பியானோவுக்குக்கூட அவனால் சுருதி சேர்க்க முடியவில்லை. ஒரு கம்பியை முறுக்குவான், “சரியா இருக்கா? நெஜமாவா?” என்று வீட்டுக்காரர்களையே கேட்பான். அவர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள். தேவாலயத்தில் பாட்டு தொடங்குவதற்குள் எழுந்து வெளியே போய்விடுவான். ரோசினே சட்டை தைத்துக் கொடுத்துக் குடும்பத்தை ஓட்டினாள்.

கோடையில் அவள் கூப்பிட்டு, ஆர்மோனியத்தைப் பிரித்துவிடச் சொன்னாள். கெபார்ட் அங்கேயே இருந்தான். நான் கழற்றிய ஒவ்வொரு கட்டையையும் கைநீட்டி வாங்கிப் பெட்டியில் அடுக்கினான்.