நூலகத்தில் எங்க வீட்டுக் கூழ்

நாளைக்கு மத்தியானத்துக்குள்ள ஒரு புக்கு வேணும். இல்லன்னா பிரபாவதி மேடம் இன்டர்னல் மார்க்கு போடமாட்டாங்க. மார்க்கு இல்லன்னா பரீட்சை எழுத முடியாது. எங்கம்மா கூலிக்கு மல்லாட்டை பறிச்சி என்னை எம்.ஏ. படிக்க வெச்சதெல்லாம் தண்டம்.

வேற ஊரு, வேற சாதி, வேற பாஷை மனுசங்ககிட்ட பேசும்போது எப்படி நேர்மையா நடந்துக்கறதுங்கறதுதான் என் கட்டுரை. நெட்டுல எடுத்தது செல்லாது. லைப்ரரி புக்கு வேணும், அதுல ஒரு பக்கத்த ஜெராக்ஸ் எடுத்து கிளாஸ்ல குடுத்து சத்தமா படிக்கணும். இல்லாத புக்கு பேரெல்லாம் எழுதி எவனோ மாட்டிக்கினான், பேஜாரு எங்களுக்கு.

திண்டிவனத்துல எங்க பாரு குரூப் ஃபோர் கைடுதான். அறம்னு கேட்டா நீதிக்கதை எடுத்துக் குடுக்கறாங்க. விழுப்புரத்துக்கு பஸ்ல நின்னுக்கினே வந்தேன். வழியெல்லாம் எங்கம்மா போன் பண்ணிக்கினே இருந்தாங்க. எடுத்து என்னத்த சொல்றதுன்னு எடுக்கல.

விழுப்புரத்துல நூலகர் கலைமதி அக்கா நல்லவங்க. அலமாரி அலமாரியா தேடி, தூசிய தட்டி ஒரு இங்கிலீஷ் புக்க நீட்டினாங்க.

"நீ சொன்ன உங்க ஊரு கிளியனூர் பக்கத்தப் பத்தினதுதாம்மா. ஆராய்ச்சி பண்ண வர்றவங்க ஜனங்ககிட்ட எப்படிப் பழகணும்னு எழுதியிருக்காங்க."

அவங்க கால்ல விழலாம் போல இருந்துச்சி. 'நம்பிக்கையைப் பெறுதல்'னு ஒரு அத்தியாயம். மேடத்துக்கு இதவிட என்ன வேணும்னு பிரிச்சேன். எங்கம்மா போட்டோ. இடுப்புல நான். கீழ அமலான்னு எங்கம்மா பேரு, ஊர் பேரு எல்லாம் போட்டிருக்குது.

நான் கைக்கொழந்தையா இருந்தப்ப பாண்டிச்சேரியிலருந்து ஒரு வெள்ளக்காரம்மா எங்க காலனிக்கு வந்தாங்க. ஊர்க்காரன் எவனும் எங்க வீட்ல ஒரு வாய் தண்ணி வாங்கிக் குடிச்சதில்ல. அந்தம்மா கேப்பைக் கூழ் வாங்கி, சொம்பு காலியாகற வரைக்கும் குடிச்சாங்களாம். எங்கம்மா இத கல்யாண வீட்லயும் சொல்வாங்க, சாவு வீட்லயும் சொல்வாங்க. அவ்ளோ பெருமை.

பேரு போடமாட்டேன்னு அந்தம்மா சத்தியம் பண்ணதால எங்கம்மா அன்னிக்கி இன்னொண்ணும் சொன்னாங்க. அப்பா அடி தாங்காம என்னைத் தூக்கிக்கினு கெணத்து மேட்டுல ஏறி நின்ன கதை. பின்னால எனக்கும் ஒருவாட்டி சொல்லிட்டு, வெளிய சொல்லக்கூடாதுன்னு என் தலமேல கை வெச்சி சத்தியம் வாங்கினாங்க. அது இப்ப அச்சுல கெடக்குது. அதுக்கு மேல அந்தம்மா எழுதின புத்திமதி: 'கொடுப்பதை வாங்கிக் குடியுங்கள். சுவை குமட்டினாலும் மிச்சம் வைக்காதீர்கள். இவர்களைப் பேச வைக்க இதைவிட எளிய வழி இல்லை.'

அந்தம்மா கூழக் குடிச்சதுகூட வேலைக்காகத்தான். அடிப்பாவி.

"ஜல்தியா ஜெராக்ஸ் எடுத்துக்கம்மா, சாத்தப்போறோம்"ன்னாங்க கலைமதி அக்கா.

வேற பக்கம் எடுக்கலாமான்னு பொரட்டிப் பொரட்டி பாத்தேன். எதக் குடுத்தாலும் மேடம் முழு புக்கையும் கொண்டான்னுதான் கேப்பாங்க. கிளாஸ்ல பாதி பேரு எங்க ஊர்ப் பக்கம். எங்கம்மா மூஞ்சி அவங்களுக்குத் தெரியாதா.

"வேணாங்க்கா. இது சரியா வராது."

அவங்க என்னை ஒரு மாதிரியா பாத்தாங்க. புக்க நானே கொண்டுபோய் அடித்தட்டுல சொருகிட்டு, வெளிய படிக்கட்டுல உக்காந்து அழுதேன். என் படிப்பு போச்சி. மறுபடியும் போன் அடிச்சிது, எடுத்தேன்.

"புக்கு கெடச்சிச்சா பாப்பா?"

"இல்லம்மா."

எங்கம்மா உச்சு கொட்டினாங்க. அப்புறம் குரல் கொஞ்சம் தெளிஞ்சிது.

"நீ ஒண்ணு பண்ணு. பாண்டிச்சேரி போய் அந்த வெள்ளக்காரம்மா இருக்காங்களான்னு விசாரி. அவங்க படிச்சவங்க, அவங்ககிட்ட புக்கு இருக்கும். என் பேர சொல்லு, கண்டிப்பா குடுப்பாங்க. நம்ம வீட்டு கூழக் குடிச்சவங்கடி."

"சரிம்மா, விசாரிக்கறேன்"ன்னு சொன்னேன்.