ஒரு கட்டம் தள்ளி

பல் டாக்டர் நீட்டிய கிடாரை வாங்கி, மடியில் வைத்து, சில சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் முதல் கார்டைத் தட்டிய மறு நொடியே அவளுக்குத் தெரிந்துவிட்டது. எங்கேயோ உதைக்கிறது.

"அக்கா," என்றான் டிரம்ஸுக்குப் பின்னால் இருந்தவன். "இது பல் ஆஸ்பத்திரிதான். அதுக்காக வர்றவங்களுக்கு நாமளே பல்லு கூச வைக்கணுமா?"

அவன் பட்டப்பெயர் இடி. அவள் வேலை பார்க்கும் உதிரிபாகக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். அந்தப் பெயர் டிரம்ஸ் வாசிப்பதால் வந்ததா, வண்டி ஓட்டும் லட்சணத்தால் வந்ததா என்பதில் கிடங்கில் இரண்டு கட்சி உண்டு.

ஞாயிற்றுக்கிழமை மதியம். நோயாளிகள் காத்திருக்கும் கூடத்தில் நாற்காலிகளைச் சுவரோரம் அடுக்கிவிட்டு, வரவேற்பு மேஜை மேல் கீபோர்டை வைத்திருந்தார்கள். டாக்டர்தான் குழுவின் பாடகர். வாரா வாரம் வெள்ளிக்கிழமை ஓர் ஓட்டலில் கச்சேரி. கிடார் வாசித்தவர் வேலை மாற்றலில் வேறு ஊருக்குப் போகிறார். காலியாவது ஒரே ஓர் இடம். வந்திருப்பது இரண்டு பேர். இன்னொருவர் வெளியே படிக்கட்டில், கறுப்புப் பெட்டியோடு, தன் முறைக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

அந்த இடம் அவளுக்கு வேண்டும். சும்மா கிடைத்தால் நல்லது என்கிற ரகமில்லை. கிடைத்தே தீரும் என்று கிடங்கு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

சொன்னதற்குக் காரணமும் இருந்தது. அவள் கிடார் கற்ற விதம் அப்படி.

மழைக்காலத்தில் ஒரு பழைய கிடாரை வாங்கி வந்தாள். பாட்டுப் பாடமெல்லாம் வேண்டாம், முதலில் எது எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும் என்றாள். கிடங்கில் அவள் பிழைப்பே அதுதான். எந்த ரேக், எந்த அறை, எந்த போல்ட்டு. கிடாரின் கழுத்தைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆறு கம்பி என்றால் ஆறு ரேக். குறுக்கே ஓடும் உலோகக் கோடுகள் பிரிக்கும் கட்டங்கள்தான் அறைகள். ஒரே சுரம் நாலைந்து இடத்தில் கிடக்கிறது. ஒரே சரக்கை நாலைந்து அறையில் போட்டு வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்துக் கட்டம் போட்டு அடுப்படியில் ஒட்டினாள். பஸ் ஓட்டும் கணவர், சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே கேள்வி கேட்பார்.

"மூணாவது கம்பி, ஏழாவது கட்டம், என்ன சுரம்?"

"டி."

"அஞ்சாவது கம்பி, மூணு?"

"சி. கஷ்டமா ஏதாவது கேளுங்க."

"கஷ்டமா கேக்கறேன். ஒரு பாட்டு வாசி."

"பாட்டு எங்க போயிடும்? ரோடு தெரிஞ்சவ எந்த பஸ்ஸையும் ஓட்டுவா."

"என் வேலைக்கே உலை வைக்கிறியே," என்பார் அவர்.

இப்போது அந்த ரோடுதான் காலை வாரிவிட்டது.

"டாக்டர், கிடார் சுருதி இறங்கியிருக்கு," என்றாள்.

"இருக்காதே. நீங்க வர்றதுக்கு முன்னாடிதான் மீட்டர் வெச்சுச் சரி பண்ணேன்."

அவள் தடித்த கம்பியிலிருந்து ஆரம்பித்தாள். ஐந்தாவது கட்டத்தை அழுத்தித் தட்டினால் அடுத்த கம்பியின் வெறும் ஒலி வர வேண்டும். வந்தது. அடுத்தது, வந்தது. அதற்கடுத்தது, வந்தது. மெல்லிய பக்கத்திலிருந்து எண்ணினால் மூன்றாவது கம்பி; அதிலிருந்து இரண்டாவதுக்குத் தாவியபோது வரவில்லை. இரண்டாவது கம்பி தாழ்ந்து ஒலித்தது.

"பாருங்க. இதுதான் இறங்கியிருக்கு."

டாக்டர் அவளை விநோதமாகப் பார்த்தார். சொத்தைப் பல்லைத் தேடி வந்து ஓட்டையே இல்லாத வாயைப் பார்ப்பது போல ஒரு பார்வை.

"அந்த இடத்துல மட்டும் நாலாவது கட்டம்மா. அஞ்சு இல்லை. எல்லா கிடாரும் அப்படித்தான். நீங்க வீட்ல எப்படி வெச்சிருக்கீங்க?"

அவள் இரண்டாவது கம்பியை மறுபடி தட்டிப் பார்த்தாள்.

சுருதி சேர்ப்பது எப்படி என்று ஒரு வீடியோ பார்த்திருந்தாள். ஐந்தாவது கட்டம், அடுத்த கம்பி. ஐந்தாவது கட்டம், அடுத்த கம்பி. புரிந்துவிட்டது, இதற்கு மேல் இந்த ஆளிடம் என்ன இருக்கிறது என்று பாதியில் அணைத்துவிட்டாள். மிச்சப் பாதியில்தான் இந்த விதிவிலக்கு இருந்திருக்கிறது. யார் போட்ட படத்தையும் பார்த்துக் காப்பியடிக்கக் கூடாது என்ற வைராக்கியத்தில் எல்லா கார்டையும் தானே கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தாள். அவள் கிடாரில் எல்லாம் அழகாக ஒலித்தது. அவள் கிடாரில் மட்டும்.

அதாவது வீட்டுக் கிடாரில் மெல்லிய இரண்டு கம்பிகளும் ஒரு கட்டம் கூடுதலாக ஏறியிருக்கின்றன; அவற்றைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் பொய்.

"ஒண்ணும் அவசரமில்லை," என்றார் டாக்டர் தணிவாக. "சரி பண்ணிட்டு அடுத்த வாரம் வாங்க."

அடுத்த வாரம் அந்த இடத்தில் கறுப்புப் பெட்டிக்காரர் உட்கார்ந்திருப்பார். அது டாக்டருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"அந்த ரெண்டு கம்பியை முறுக்கி ஏத்திடலாமே டாக்டர்," என்றான் இடி. "அக்கா அவங்க பழக்கப்படி வாசிக்கட்டும்."

"வேண்டாம்," என்றாள் அவள்.

கிடங்கில் ஒருமுறை இரண்டு ரேக்குகளுக்கு முன்னால் புதிதாக ஓர் அறையைச் சேர்த்துவிட்டார்கள். பின்னால் இருந்த அத்தனை எண்ணும் ஒன்று கூடிப்போனது. மற்றவர்கள் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்கள். அவள் நிற்கவில்லை. சரக்கு ஒழுங்கு மாறவில்லை, வாசல்தான் தள்ளிப்போயிருக்கிறது. கையை ஓர் அறை தள்ளி நீட்டினால் போதும்.

இங்கேயும் அதே கதைதான். மெல்லிய இரண்டு கம்பிகளில் மட்டும், எப்போதும், ஒரு கட்டம் தள்ளி.

விரல்களை நகர்த்தி அதே கார்டை மறுபடி தட்டினாள். இந்தத் தடவை கூடம் குளிர்ந்தது.

"அட," என்றார் டாக்டர். "எல்லாரும் முதல் நாள் கத்துக்கிற சி கார்டு இதுதான். நீங்க எந்த வழியா சுத்தி இங்க வந்தீங்க?"

"பாட்டைச் சொல்லுங்க டாக்டர். எந்த சுருதி?"

"டி."

இடி குச்சிகளைத் தட்டினான். பாட்டு கிளம்பியது.

முதல் சரணம் முழுக்க அவள் தடித்த நாலு கம்பிகளை விட்டு இறங்கவே இல்லை. அங்கே அவள் வரைபடத்தில் ஒரு கீறல் கிடையாது. கை அங்கே ஓடிக்கொண்டிருக்க, தலைக்குள் மீதி இரண்டு ரேக்குக்கும் புது எண்கள் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

பிறகு பாடகர் வாயை மூடினார். கிடார் தனியாக வாசிக்க வேண்டிய இடம். தடித்த கம்பிகளில் அது எடுபடாது.

இறங்கினாள்.

முதல் சுரம் சரி. இரண்டாவது சரி. மூன்றாவதில் விரல் பழைய அறைக்குள் போய் விழுந்தது. தப்பு. ஆனால் அந்தத் தப்பின் அளவு அவளுக்கு அத்துப்படி. ஒரே ஒரு கட்டம் குறைச்சல். விரலை எடுக்காமல் அப்படியே மேலே வழுக்கினாள். ஒலி நெளிந்து ஏறி, போக வேண்டிய இடத்தில் போய் உட்கார்ந்தது.

இடி தலையை ஆட்டினான். வேண்டுமென்றே செய்ததாக நினைத்திருக்கிறான் பாவி.

சற்று நேரத்தில் இன்னொரு தப்பு. இன்னொரு வழுக்கல். இந்த முறை டாக்டரே புருவத்தை உயர்த்தி ரசித்தார். அதன் பிறகு தப்பே வராத இடத்திலும் அவள் ஒன்றிரண்டு முறை வழுக்கிவிட்டாள். சந்தேகம் வரக் கூடாதல்லவா.

இரண்டாவது சரணத்தின் உச்சியில் டாக்டருக்குத் தொண்டை பிசிறியது. பாடிக்கொண்டே கட்டைவிரலைக் கீழ்நோக்கிக் காட்டினார். சுருதியை அரைப்படி, அதாவது ஒரு கட்டம், இறக்கு என்று அர்த்தம்.

அவள் நிறுத்தவில்லை. யாரையும் கேட்கவும் இல்லை. சுருதி ஒரு கட்டம் இறங்கினால் அத்தனை சரக்கும் ஒரு கட்டம் இறங்கும், அவ்வளவுதான். தடித்த நாலு கம்பிகளில் கையைப் பின்னுக்கு இழுத்தாள். மெல்லிய இரண்டிலோ இன்னும் விசேஷம். பழக்கதோஷத்தில் ஒரு கட்டம் குறைவாகப் போய் விழும் விரலுக்கு, இப்போது அதுவே சரியான இடம். இத்தனை நேரம் அடக்கி வைத்த விரல்களை அவிழ்த்துவிட்டாள்.

பாட்டு முடிந்ததும் இடி எழுந்தே நின்றுவிட்டான். டாக்டர் தண்ணீர் குடித்தார்.

"வெளியே இருங்க. அவரையும் கேக்கணும். அதுதான் நியாயம்."

கறுப்புப் பெட்டிக்காரர் உள்ளே போனார். அவள் படிக்கட்டில் உட்கார்ந்து கேட்டாள். சுத்தமான கை. ஒரு பிசிறு இல்லை. நல்லாத்தான் வாசிக்கிறான் என்று நினைத்தாள். இருந்தும் எழுந்து போகவில்லை.

இரண்டாவது சரணம். பாட்டு சட்டென்று நின்றது.

"அரைப்படியா சார்? ஒரு நிமிஷம். கழுத்துல கிளிப்பு போட்டு சுருதியை ஏத்திக்கலாம், இறக்கறதுக்கு அது உதவாது. நான் வேற விதமா பிடிச்சுப் பார்க்கணும்."

"பாருங்க, பாருங்க," என்றது டாக்டரின் குரல், மரியாதையாகத்தான்.

பெட்டிக்காரர் கைகுலுக்கிவிட்டுப் போன பிறகு அவளை உள்ளே கூப்பிட்டார்கள்.

"உங்களைவிட அவருக்கு நிறைய பாட்டு தெரியும்," என்றார் டாக்டர்.

"தெரியட்டும். எனக்கும் வரும்."

"என் தொண்டை இருக்கே, அது என் பேச்சைக் கேக்காது. வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை ஒரு சுருதி. நடுவுல நிறுத்தி விளக்கம் சொல்லிட்டிருக்க முடியாது. நீங்க நிக்கவே இல்லை." கொஞ்சம் தயங்கினார். "அந்த வழுக்கல் எங்க கத்துக்கிட்டீங்க?"

"இங்கதான்," என்றாள் அவள். "தப்பான அறையில கை வெச்சுட்டேன். சரியான அறை பக்கத்துலயே இருந்துச்சு."

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். பல் வரிசை சுத்தமாகத்தான் இருந்தது.

"அதை மட்டும் திருத்திடாதீங்க. வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு ஓட்டலுக்கு வந்துடுங்க."

"வர்றேன். இந்த கிடாரை அதுவரைக்கும் வீட்டுக்குக் கொண்டுபோறேன்."

கேட்கவில்லை, சொன்னாள். டாக்டர் உறையை எடுத்து நீட்டினார்.

இடி அதைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான். "நான் வண்டியில கொண்டுவந்து விடறேன்க்கா."

"கிடாரை என்கிட்ட குடு," என்றாள் அவள். "நீ ஓட்டறதை நான் பார்த்திருக்கேன்."