மெலாத்தியின் இடப்பக்கம்

"உன்னை ஒரு மூட்டைன்னு நெனச்சுக்க," என்றார் ரூபேந்திரன்.

"என்ன கோச், வந்த மொத நாளே மூட்டைங்கிறீங்க?"

"மூட்டைகூடப் பரவால்ல லா. கட்டின இடத்துல இருக்கும். நீ ஒரு பக்கமா சாயுற, விழாம இருக்கக் கடிவாள வாரைப் புடிச்சு இழுக்குற. குதிரை வாயில இரும்பு இருக்கு, தெரியும்ல? உன் பயத்துக்கு அதுக்கு வாய் வலிக்கணுமா? இறங்கு."

"எல்லாரையும் இப்படித்தான் இறக்கி விடுவீங்களா?"

"ஆமா. உட்காரத் தெரியாதவங்கள சுமக்கணும்னு குதிரைக்கு என்ன தலையெழுத்து?"

"அப்ப நீங்க சாஞ்சா யாரு உங்கள இறக்கி விடுவா?"

அவர் சிரித்தார். "யாருக்கும் தைரியம் வராது. நீ வேணா இறக்கி விடு."

கல்யாணத்துக்கு முன்பு, அவரிடம் குதிரையேறக் கற்க வந்த அன்றைய அந்தப் பேச்சு, துணி துவைக்கும்போதெல்லாம் யோகேஸ்வரிக்கு நினைவு வந்துவிடுகிறது. சிம்பாங் ரெங்கத்துக்கு வெளியே, செம்பனைத் தோட்டத்தை ஒட்டி கணவர் ரூபேந்திரனும் அவளும் நடத்தும் சின்னக் குதிரைப் பயிற்சிப் பள்ளியில், சேணத்துக்கு அடியில் விரிக்கும் துணிகளைத் தைப்பதும் துவைப்பதும் அவள்தான். வாரநாட்களில் குளுவாங் தொழிற்சாலையில் நின்று நின்று வீங்கிய கால்களோடு, சனி ஞாயிறுகளில் இங்கே குழாயடியில் குந்துவாள்.

துணி பொய் சொல்லாது. ஏறியவர் நேராக உட்கார்ந்திருந்தால் இரண்டு பக்கமும் குதிரையின் வியர்வை ஒரே மாதிரி ஊறியிருக்கும். பாரம் ஓரிடத்தில் அழுத்தினால் அங்கே மட்டும் வியர்க்காமல் காய்ந்து கிடக்கும். மெலாத்தியின் துணியில் இடப்பக்கம் உள்ளங்கை அகலத்துக்குக் காய்ந்திருந்தது. பல மாதங்களாக இப்படித்தான்.

மெலாத்தி, சிங்கப்பூரில் பந்தயம் நின்றுபோனபோது கடல் தாண்டி இங்கே வந்த பெண்குதிரை. அதன் மேல் ரூபேந்திரனைத் தவிரப் பெரியவர்கள் யாரும் ஏறுவதில்லை.

போன வருஷம் சிங்கப்பூரிலிருந்து மோட்டார் சைக்கிளில் திரும்பும்போது ஒரு லாரி உரசி அவருடைய இடுப்பெலும்பு உடைந்தது. எலும்பு ஒட்டிய பிறகு வலது கால் சற்றுக் குட்டையாகிவிட்டது. நடக்கும்போது அவ்வளவாகத் தெரியாது. குதிரை மேல் உட்கார்ந்தால் உடம்பு இடப்பக்கம் சாயும், சாய்வதைத் தடுக்க இடக்கை வாரை இழுத்துப் பிடிக்கும். அவருக்கு அது தெரியவில்லை. தான் நேராக இருப்பதாகவே அவர் உடம்பு நம்பியது.

சொல்லியிருக்கலாம்தான். ஆனால் விபத்துக்குப் பிறகு சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்த மனிதர் அவர். அவள் ஊட்டப் போனால் "பசிக்கல யோகேஸ்" என்பார். மறுபடி குதிரையில் ஏறிய அன்றுதான் தானாகச் சோறு கேட்டார், ரசம் இல்லையா என்று சண்டை பிடித்தார். அந்தச் சண்டைக்காக அவள் சமையலறையில் நின்று அழுதாள். அப்படிப்பட்டவரிடம் போய் எந்த வாயால் சொல்வது?

சொல்வதற்குப் பதிலாகத் தைத்தாள். தங்காக் துணிக்கடையில் வாங்கிய பஞ்சுத் தகட்டை இடப்பக்கம் மட்டும் உள்ளே வைத்துத் தைத்தால் அவர் உயர்ந்து நேராகிவிடுவார் என்று நினைத்தாள். ஆனால் அழுத்தம்தான் கூடியது. அந்த இடத்தில் முடி உதிர்ந்து தோல் சிவந்துவிட்டது. தகட்டைப் பிரித்து எடுத்துவிட்டு மஞ்சள் போட்டாள். தோல் ஆறிய பிறகும், அவர் சேணத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாலே மெலாத்தி காதைப் பின்னால் மடக்கிக் கடிக்க வந்தது.

"திமிரு புடிச்சிருச்சு," என்றார் அவர்.

"சனிக்கிழம பிள்ளைங்க ஏறுறப்ப சும்மாதானே கோச் இருக்கு?"

"பிள்ளைங்ககிட்ட நல்லா நடிக்குது."

அதோடு விடவில்லை. நாளைக்கு ஒரு பிள்ளையைத் தள்ளிவிட்டால் யார் பதில் சொல்வது என்று சொல்லிக் குதிரையை விற்க ஆளும் பார்த்துவிட்டார். கடற்கரையில் சுற்றுலாப் பயணிகளைக் குதிரையில் ஏற்றிச் சுற்றிவரும் கமலநாதன், இன்று சாயங்காலம் அதைப் பார்க்க வந்திருந்தார்.

"அழகாதாண்ணே இருக்கா," என்றார் கமலநாதன், வேலியில் சாய்ந்துகொண்டு. "ஆனா எங்ககிட்ட பொழுது பூரா ஆளுங்க ஏறுவாங்க எறங்குவாங்க. ஓட்டத் தெரிஞ்சவன் ஒருத்தன் வரமாட்டான். செல்ஃபி எடுக்க வாரைப் புடிச்சுத் தொங்குவான். தாங்குவாளா?"

"தாங்குவா. கொஞ்சம் முரண்டு, அவ்ளோதான். பாருங்க."

யோகேஸ்வரி மறுபக்கம் கால் வைக்கும் அங்கவடியைப் பிடித்துக்கொள்ள, அவர் முக்காலியில் நின்று ஏறினார். பாரம் இறங்கியதும் மெலாத்தியின் முதுகு பள்ளமாகத் தாழ்ந்தது. திடலில் ஒரு சுற்று நடந்தார்கள். குதிரை தலையை உதறியது. அவர் குதிகாலால் உதைத்தார். அது ஓடத் தொடங்கியதும் அவர் உடம்பு இடப்பக்கம் சரிந்தது, இடக்கை இழுத்தது, குதிரை வாயை அகலத் திறந்துகொண்டு கோணலாகப் போனது. மறுபடி உதைத்தார்.

"அலமாக்! என்னண்ணே நண்டு மாதிரி போகுது? கால் கோளாறா?"

"காலெல்லாம் நல்லாத்தான் இருக்கு. மனசுதான் கோளாறு."

"எங்க வீட்லயும் அப்படி ஒண்ணு இருக்குண்ணே. அதை யாரும் வாங்க மாட்டேங்கிறாங்க," என்று கமலநாதன் சிரித்தார். பிறகு, "சரி, எங்களுக்கு நடந்தா போதும். நாளைக்கு லாரி கொண்டாரேன்," என்றார்.

லாரி என்றதும் யோகேஸ்வரி கையிலிருந்த ஈரத்துணியை வேலியில் போட்டுவிட்டுத் திடலுக்குள் நடந்தாள். மண் காலை இழுத்தது. கோபம் வந்தால்கூட நன்றாயிருக்கும் என்று தோன்றியது. வந்தது அசதிதான். இத்தனை நாளாகச் சொல்லாமல் வைத்திருந்ததே பெரிய சுமையாக இருந்தது.

"யோகேஸ், தள்ளு! மிதிச்சிரும்!"

அவள் விலகவில்லை. கடிவாளத்தைப் பிடித்து நிறுத்தினாள். மூச்சிரைத்துக்கொண்டிருந்த குதிரை நெற்றியை அவள் தோளில் சாய்த்தது. வாயோரத்தில் நுரையோடு கொஞ்சம் சிவப்பு. அவருடைய முகத்திலும் வலி இருந்தது. இடுப்பு வலிக்கும்போது அவர் உதட்டைக் கடிப்பது அவளுக்குத் தெரியும்.

"என்னங்க," என்றாள்.

அவர் வார்களைத் தளர்த்தினார். திடலில் அவள் அவரை அப்படி அழைத்ததே இல்லை. இங்கே அவர் எப்போதும் கோச்தான்.

"என்னம்மா?"

"இவள விக்க வேணாம். இவகிட்ட ஒரு கோளாறும் இல்ல. நீங்கதான் சாயுறீங்க."

"நானா?"

"இடுப்பு ஒட்டினதுலேர்ந்து. உங்களுக்குத் தெரியல. இவளுக்குத் தெரியுது, எனக்குத் தெரியுது." வேலியோரம் கமலநாதன் செல்போனை எடுத்து, அதில் ஏதோ பார்ப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டார். "கீழ நின்னு சொல்லிக் குடுங்க. அதுக்கு உங்கள விட்டா ஆள் இல்ல. சோறு வேணாம்னு திரும்பிப் படுத்தீங்கன்னா நானும் பக்கத்துல படுத்துக்குறேன், எவ்வளவு நாளானாலும் சரி. ஆனா இனிமே இவ மேல ஏறாதீங்க."

அவள் இடப்பக்கமாகப் போய் அங்கவடியைப் பிடித்துக்கொண்டு, மறு கையை அவருக்கு நீட்டினாள்.

"இறங்குங்க."