ஆற்றுப் பக்கம் அடித்தால் அவுட்

கல்லூரியின் பின்மதிலுக்கு வெளியே, வாவிக்கும் அறுவடை முடிந்த வயல் வட்டைக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடந்த தரைதான் பெண்கள் மென்பந்து அணியின் பயிற்சி இடம். துடுப்போடு நிற்பவளுக்கு வலது பக்கம் வயல்; அறுத்த தாள் காய்ந்து காலைக் குத்தும். இடது பக்கம் வாவி. பெண்களின் பேச்சில் அது ஆறு. முதலை கிடக்கும் ஆறு. பந்து அதற்குள் போனால் போனதுதான்.

விளையாட்டுப் பொறுப்பாளர் நல்லரத்தினம் சேர் கிழமைக்கு ஒரு பந்துக்குத்தான் அலுமாரியைத் திறப்பார். திங்கட்கிழமை பந்து ஆற்றோடு போய்விட்டால் அந்தக் கிழமை முழுக்கச் சும்மா இருக்க வேண்டும். ஆகவே முன்பு ஆடிய அக்காமார் ஒரு விதி வைத்துவிட்டுப் போனார்கள்: ஆற்றுப் பக்கம் அடித்தால் அவுட். பந்து தண்ணீரில் விழ வேண்டும் என்றுகூட இல்லை. அந்தப் பக்கம் துடுப்பைச் சுழற்றினாலே அவுட்.

அணித்தலைவி கஜானி மாங்கேணிக்காரி. இந்தக் கரைக்கு வந்துதான் துடுப்புப் பிடிக்கவே பழகினாள். வலது பக்கம், வயலை நோக்கி, தரையோடு தரையாக அவள் அடிக்கும் அடியைத் தடுக்க ஆள் இல்லை என்று மற்றக் கல்லூரிகளிலும் பேச்சு இருந்தது.

மதிலுக்கு உள்ளே பெரிய மைதானம் இருந்தது. உருளை உருட்டிச் சமப்படுத்திய தரை, வெட்டிய புல். அது ஆண்கள் கடினபந்து அணிக்கு. இந்தப் பருவத்தில் அவர்கள் முதல் சுற்றிலேயே தோற்று வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அதற்குப் பிறகும் பின்னேரங்களில் அணித்தலைவன் டிலக்சனும் கூட்டாளிகளும் உருளையின் மேல் ஏறியிருந்து கைபேசி பார்ப்பதற்கு அந்த மைதானம் தேவைப்பட்டது.

பருவம் தொடங்கும்போதே கஜானி போய் அந்த மைதானத்தைக் கேட்டாள். நல்லரத்தினம் கதிரையில் சாய்ந்தபடி சிரித்தார்.

"வெற்றிக் கிண்ணத்தக் கொண்டு வா புள்ள. கிழமையில ரெண்டு பின்னேரம் மைதானம் உங்களுக்குத்தான்."

"ஆம்பிளையள் கிண்ணம் கொண்டு வந்தவங்களா சேர்?"

"அவங்கட கதை வேற."

என்ன வேறு என்று அவர் சொல்லவில்லை. கஜானியும் கேட்கவில்லை. அன்று கேட்காமல் வந்தது அந்தப் பருவம் முழுவதும் அவள் தொண்டையில் மீன்முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

போட்டிகளுக்குப் போக இவர்களுக்குக் கல்லூரியின் வான் வண்டி கிடைக்கவில்லை. துடுப்புகளையும் விக்கெட் தடிகளையும் உரப்பையில் போட்டுக் கட்டி, பஸ்ஸில் போனார்கள். "நெல்லு மூட்டைக்கும் டிக்கெட் எடுக்கணும் தங்கச்சி" என்று நடத்துநர் ஒருவன் சொன்னதற்கு, ஏறாவூர் ஸாதியா, "இது விதைநெல்லு நானா, விளைஞ்சாப் பிறகு தாறம்" என்றாள். முதலாம் வருட மாணவி. பந்து வீசுவதிலும் வேகம், வாயிலும் வேகம். அவளுடைய பந்தும் கஜானியின் வலப்பக்க அடியும் சேர்ந்து அணியை இறுதிப்போட்டி வரை இழுத்துக்கொண்டு வந்தன.

இறுதிப்போட்டி செங்கலடியில். எதிரணியின் பயிற்சியாளர் ஒரு டீச்சர். இவர்களின் அரையிறுதியை ஓரமாக நின்று பார்த்துவிட்டுப் போனவர். கஜானி துடுப்போடு உள்ளே வந்ததும் அவர் எல்லைக்கோட்டில் நின்று கையை ஒருமுறை அசைத்தார். களத்தில் நின்ற பெண்கள் அத்தனை பேரும் ஆட்டு மந்தை மாதிரி வலது பக்கம் நகர்ந்தார்கள். இடது பக்கம் வெறும் புல். ஒருத்திகூட இல்லை.

அடித்த பந்தெல்லாம் யாராவது ஒருத்தியின் கையில் போய் நின்றது. இலகுவாக முடிந்திருக்க வேண்டிய ஆட்டம் கடைசி ஓவருக்கு இழுபட்டது. மறுமுனையில் நின்ற ஸாதியா நடுவில் வந்து முக்காட்டைச் சரிசெய்தபடி சொன்னாள்:

"அக்கா, அங்கால ஒரு கொக்குக்கூட இல்ல. சும்மா தட்டி விடுங்க."

"தெரியும்டி."

"அங்க ஆறும் இல்ல அக்கா."

கஜானிக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த பந்து காலடிக்கு வந்தது. இடது பக்கம் திருப்ப வேண்டும் என்று மனம் சொல்லி முடிப்பதற்குள் கை வலது பக்கம் போய்விட்டது. ஓட்டம் இல்லை. அடுத்ததும் அப்படியே. துடுப்பைத் தரையில் ஓங்கிக் குத்தினாள். தன்னுடைய கைகள் மேலேயே இவ்வளவு ஆத்திரம் வரும் என்று அவள் நினைத்ததில்லை. ஏதோ ஒரு பந்து துடுப்பின் விளிம்பில் பட்டு ஓட, கடைசிப் பந்துக்கு மூன்று ஓட்டம் வேண்டும் என்று வந்து நின்றது.

அந்தப் பந்து தரையில் குத்தாமல், மெதுவாக, அவள் இடது முழங்காலுக்கு நேரே வந்தது. துடுப்புப் பிடிக்கத் தெரியாதவளும் இடது பக்கம் அள்ளி எறியக்கூடிய பந்து. கஜானியின் கால் பின்னால் போனது. உடல் விலகி இடம் கொடுத்தது. துடுப்பு அந்தப் பந்தைத் தேடிப்பிடித்து வலது பக்கம் வெட்டியது. அங்கே நின்ற பெண் அசையவே தேவைப்படவில்லை. கையை விரித்தாள், பந்து வந்து அமர்ந்தது.

நல்லரத்தினம் சேர் அன்றைக்கு மட்டும் மோட்டார் சைக்கிளில் வந்திருந்தார். பின்னால் டிலக்சன். அணி உரப்பையைக் கட்டிக்கொண்டிருந்த இடத்துக்கு வந்து, எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்.

"நான் நினைச்சதுதான். கடைசி நேரத்தில பொம்புளப் புள்ளையளுக்குக் கை நடுங்கிரும்."

"கை நடுங்கல்ல சேர்," என்றான் டிலக்சன். "இவக்கு இடது பக்கம் எண்டு ஒண்டு இருக்கிறதே தெரியா. ஆத்தங்கரைக் கொக்கு மாதிரி ஒரு பக்கத்தையே பாத்துட்டு நிக்கிறா."

இருவரும் சிரித்தார்கள். கஜானி உரப்பையின் கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டாள். அவன் சொன்னது உண்மை. அதுதான் அவளைச் சுட்டது.

திரும்பும் பஸ்ஸில் விக்கெட் காப்பாளர் தனுஷியா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி அழுதுகொண்டு வந்தாள். ஏறாவூர் நெருங்கும்போது ஸாதியா இறங்க எழுந்தாள். பிறகு கம்பியைப் பிடித்தபடி நின்று, மெல்லக் கேட்டாள்.

"அக்கா, நான் முதல் நாள் பயிற்சிக்கு வந்து ஆத்துப் பக்கம் ஒரு அடி அடிச்சன். ஞாபகமா?"

"ம்."

"நல்ல அடி எண்டீங்க. எண்டுட்டு விரலத் தூக்கி அவுட் குடுத்தீங்க."

அவள் இறங்கிப் போய்விட்டாள். கஜானி தன் வலது கையின் சுட்டுவிரலைப் பார்த்தாள். எத்தனை பேருக்கு இந்த விரல் உயர்ந்திருக்கிறது. பந்து தராதவர் ஒருவர், மைதானம் தராதவர் அவரே. ஆனால் அவருக்காக மதிலுக்கு வெளியே காவல் நின்றது அவள். சட்டம் அவருக்கு வசதி. அதைக் காப்பாற்றும் வேலை இவளுக்கு. இந்த நினைப்பு வந்த பிறகு தோல்வியின் துக்கம் அவளிடம் மிச்சமிருக்கவில்லை. ஆத்திரம் மட்டும் இருந்தது. அது திங்கட்கிழமை வரை ஆறவில்லை.

திங்கள் பின்னேரம் பெண்கள் வழக்கம்போலப் பின்வாசலில் கூடினார்கள். கஜானி உரப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். வாசலைத் திறக்கவில்லை.

"இஞ்சால வாங்க," என்று மைதானத்தை நோக்கித் திரும்பி நடந்தாள்.

நடுத்தரையில் விக்கெட் தடிகளை ஊன்றும்போது உருளையின் மேலிருந்த டிலக்சன் நிமிர்ந்து பார்த்தான்.

"கிண்ணம் எங்க கஜானி? உரப்பைக்குள்ளயா?"

அவள் திரும்பவில்லை. யாரோ போய்ச் சொல்லியிருக்க வேண்டும். நல்லரத்தினம் சேர் வேகமாக வந்தார்.

"என்ன இது? கிண்ணத்தோட வந்தாத் தாறன் எண்டுதானே சொன்னன்."

"ஓம் சேர். இஞ்ச விளையாட விட்டிருந்தா வந்திருக்கும்."

"தோத்துட்டு வந்து கதைக்கிற கதையா இது?"

"எனக்கு இடது பக்கம் அடிக்கத் தெரியா. சனத்துக்கு முன்னால சொல்லிச் சிரிச்சீங்க. அதத்தான் பழக வந்திருக்கம். ஆத்துக்குள்ள நிண்டு பழக ஏலாதே."

"கல்லூரி அதிபர்ட்ட அனுமதி எடுத்தியா?"

கஜானி உருளையைக் காட்டினாள். "அவங்க எடுத்தவங்களா, அதில குந்தியிருக்க?"

சேரின் முகம் கறுத்தது. அணியிலிருந்து நீக்குவேன், விடுதிக்குச் சொல்லுவேன், வீட்டுக்குச் சொல்லுவேன் என்று வரிசையாகச் சொன்னார். கஜானி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு துடுப்பை எடுத்து நின்றாள்.

"சொல்லுங்க சேர். ஸாதியா, போடு."

முதல் பந்து. கை பழையபடி வலது பக்கம் போனது. உருளையிலிருந்து ஒருவன் கைதட்டினான். இரண்டாவது பந்திலும் அதேதான். கைதட்டல் கூடியது. கஜானி பல்லைக் கடித்துக்கொண்டு காலைப் பெயர்த்து வைத்தாள்.

"காலுக்குப் போடு. வேகமாப் போடு."

ஸாதியா போட்டாள். கஜானி உடலையே திருகி அடித்தாள். அழகான அடி இல்லை. கோணல், பாதி துடுப்பில்தான் பட்டது. ஆனால் பந்து இடது பக்கம் போனது. தண்ணீர் இல்லாத பக்கமாய்ப் புல்லில் உருண்டு, உருளையடியில், டிலக்சனின் செருப்பில் முட்டி நின்றது.

கைதட்டல் அடங்கியது.

"பந்தை எறி," என்றாள் கஜானி.

அவன் சேரைப் பார்த்தான். சேர் அலுவலகக் கட்டடத்தைப் பார்த்தார். அங்கிருந்து யாரும் வரவில்லை. பெண்கள் அவரவர் இடத்தில் நின்றார்கள்; யாரும் வாசல் பக்கம் நகரவில்லை.

"பந்து, டிலக்சன். எங்களுக்குக் கிழமைக்கு ஒண்டுதான்."

அவன் இறங்கிக் குனிந்து எடுத்து எறிந்தான். ஸாதியா அதைப் பிடித்துத் தன் உடுப்பில் துடைத்தாள். கஜானி இடது காலை மறுபடி பெயர்த்து வைத்தாள்.

"இன்னும் ஒண்டு," என்றாள். "அதே இடத்துக்கு."